காத்திருப்பு அறை காலி

“அந்த வெயிட்டிங் ரூம் லிஸ்ட்டை எனக்குக் கொடுங்க சார்.”

கேட்டேவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று நகராட்சிச் செயலர் அவளை எதிரில் உட்காரவைத்துச் சொன்ன ஒரே எச்சரிக்கை அதுதான். காணொலிக் கூட்டத்துக்கு லிங்க் அனுப்பு, வருகிறவர்களை உள்ளே விடு, பேசுவதைக் குறிப்பெடு. ஆனால் யார் யார் உள்ளே வரக் காத்திருந்தார்கள் என்ற பட்டியல் என் கணக்குக்கு மட்டும்தான் வரும், அதை எந்நாளும் கேட்காதே. இரண்டு வருடம் கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தாள். இந்த மாதிரி இடங்களில் நல்ல பிள்ளைகளுக்குத்தான் நாற்காலி.

செயலர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“எந்தத் தேதி?”

“உங்களுக்கே தெரியும் சார்.”

“ஏம்மா, அம்மா போய் அஞ்சு வாரமாச்சு. எனக்கும் வருத்தம்தான். அந்த லிஸ்ட்டு வந்து உனக்கு என்ன சொல்லப்போகுது?”

“அதை நான் படிச்சுக்கிறேன். அதுக்குத்தானே படிக்க வச்சாங்க.”

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை. நாலு மணிக்குக் கூட்டம். இவள் எழுந்து போய்விட்டால் ஒன்பது உறுப்பினர்களையும் திரையில் கூட்டிவைக்க அந்தக் கட்டிடத்தில் வேறு ஆளில்லை. அவர் கணினியில் எதையோ தட்டினார். மூலையிலிருந்த அச்சு இயந்திரம் இருமிக்கொண்டே ஒரு தாளை வெளியே தள்ளியது.

“பாத்துட்டுக் கிழிச்சுப் போட்டுடு.”

அப்போதுதான் அச்சாகி வந்த தாள் கதகதப்பாக இருக்க வேண்டும். இது சில்லென்று இருந்தது. ஓரம் நனைந்ததுபோல் விரலில் ஒட்டியது.

ஒரே ஒரு வரி. பெயர்: பட்டதாரி. வந்த நேரம்: 4.51. வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

“இதுல வெளிய போன டைம் இல்லையே சார்.”

“போன் நசுங்கிடுச்சுல்ல. அதான் விழல. மெஷின் கோளாறு.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “போ, லிங்க் அனுப்பு.”

அந்த நகர்மன்றத்தில் அவளுக்குப் பெயரே லிங்க் பொண்ணுதான். கூட்ட மண்டபத்தின் கூரை பெயர்ந்து விழுந்ததிலிருந்து மன்றம் திரையில்தான் கூடியது. அவரவர் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் உறுப்பினர்கள் வருவார்கள். அவர்களைக் கோத்து வைக்கும் தொகுப்பாளர் அவள். மாடியில், முன்பு பழைய கோப்புகள் கிடந்த ஒரு குறுகிய அறை. ஒரு மேசை, பெரிய திரை, ஒரு ஒலிபெருக்கி. இடப்பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப்புறம் செயலரின் அறை. முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். திரைக்கு மேலே சட்டமிட்டு மாட்டிய தாள்: காணொலிக் கூட்ட விதிகள், பதினான்கு.

அந்தப் பதினான்கையும் எழுதியது அவள்தான். அரசாங்கம் அனுப்பிய கட்டுக் காகிதத்தைப் பத்து நாள் உட்கார்ந்து படித்து, யார் படித்தாலும் புரியும்படி எழுதிக் கொடுத்தாள். கேமரா மூடியிருந்தால் அந்த உறுப்பினர் கணக்கில் இல்லை. பொதுமக்களில் யாரும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம். பேசுகிறவரை உறுப்பினர்கள் குறுக்கிடக் கூடாது. ஒன்பதாவது விதி: காத்திருப்பு அறையில் ஒருவர் இருக்கும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது, முடிக்கும் முன் தொகுப்பாளர் பார்த்து, காத்திருப்பு அறை காலி என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்த அன்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் போர்வை மடித்த அம்மா, கையில் மடித்துக்கொண்டிருந்ததை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“அந்த ஒம்பதை மறுபடி படி.”

படித்தாள்.

“அப்ப நான் வெளிய நின்னா, என்னைக் கேக்காம அவங்க எந்திரிச்சுப் போக முடியாதா?”

“முடியாது.”

“எம்பொண்ணு எழுதின சட்டம்,” என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

மூன்று ஐம்பது. மழை பிடித்துக்கொண்டது. சன்னல் கம்பியில் மோதி உடையும் துளிகளின் ஓசையும், அடியில் எங்கோ சாக்கடை விழுங்கும் ஓசையும், அறைக்குள் கணினி விசிறியின் ஓயாத முனகலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கடைசியில் எது மழை எது இயந்திரம் என்று பிரிக்க முடியாத ஒரே இரைச்சலாக அவள் காதுக்குள் உட்கார்ந்துகொண்டன. அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு வாசனை. ஈரமண் வாசனை என்று முதலில் நினைத்தாள். மண்தான். ஆனால் மண்ணோடு வேறொன்றும் இருந்தது: வெளுப்புத் தூளும் கஞ்சியும் கலந்த, கொதிநீரில் அலசிய துணியின் வாடை. அம்மாவின் புடவையில் எத்தனை துவைத்தாலும் போகாத வாடை.

சன்னலைச் சாத்தினாள். வாடை கூடியது.

மேசையின் கீழ் இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்த போன் இருந்தது. மண்ணைத் தோண்டியவர்கள் எடுத்துக் கொடுத்தது. திரை நொறுங்கி, உடல் வளைந்து, ஓட்டைகளில் சேறு காய்ந்து கிடந்தது. அது முன்பு அவளுடைய போன். பரீட்சை முடிவு வந்த அன்று, குடும்பத்திலேயே முதல் பட்டம் என்ற திமிரில், அதற்கு ‘பட்டதாரி’ என்று பெயர் வைத்தாள். புது போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா பெயரை மாற்றவிடவில்லை.

“இருக்கட்டும்டி. நானும் கொஞ்ச நாள் பட்டதாரியா இருந்துக்கிறேன்.”

நாலு மணி. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. ஒன்பது கட்டங்கள். வழக்கம்போல் மருந்துக்கடைக்காரரின் கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுழன்றது.

“அண்ணே, மறுபடியும் உங்க ஃபேன்தான் வந்திருக்கு,” என்றார் தையல்கடை அம்மா. “ஃபேனுக்கு ஓட்டு கிடையாது.”

“உங்களைவிட அது பரவாயில்ல. சத்தம் போடாமச் சுத்துது.”

சிரித்தார்கள். தலைவர் கையைத் தூக்கினார். அவர் தம் வீட்டு முன்னறையில், பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“லிங்க்கு, ரெக்கார்டிங் போட்டாச்சா? போட்டுட்டா ஆரம்பிக்கலாம். இன்னைக்கு ஒரே ஒரு பெரிய விஷயம்தான். அந்தச் சுவர் தீர்மானம். அஞ்சரைக்குள்ள விசாரணை ஆபீசருக்குப் போயாகணும்.”

அவளுக்குத் தெரியும். தீர்மானத்தை டைப் அடித்தவளே அவள்தான். தடுப்புச்சுவர் குறித்துப் பொதுமக்களிடமிருந்து மன்றத்துக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லை எனவும், இறந்த பெண்மணி தமது அஜாக்கிரதையால் அவ்விடத்தில் தங்கியிருந்தார் எனவும். அஜாக்கிரதை என்ற சொல்லை அடிக்கும்போது விரல் தப்பி மூன்று முறை அழித்து அடித்தாள். எதிர்க் கட்டிடத்தில் விசாரணை அதிகாரி ஆறு மணி வரை வாக்குமூலம் வாங்குகிறார். இன்றோடு கடைசி. இந்தத் தீர்மானம் போய்ச் சேர்ந்துவிட்டால், ஊரின் காகிதத்தில் அம்மா காலத்துக்கும் அஜாக்கிரதைதான்.

தண்ணீர்த் தொட்டி மேட்டைத் தாங்கிய சுவர் அது. கீழே ஏழு வீடுகள், கடைசி வீடு அவர்களுடையது. சுவர் பிதுங்குகிறது என்று முதலில் சொன்னது அம்மா. யாரும் நம்பவில்லை. அம்மா சலவைக்கூடத்தில் மூட்டை கட்டும் வெள்ளை நூலைக் கொண்டுவந்து, சுவரின் இரண்டு முனையிலும் ஆணியடித்து, நாலு விரல் தள்ளி இழுத்துக் கட்டினாள். துணியை இரண்டு பேர் இழுத்துப் பிடித்தே பழகிய கை. நேர்க்கோடு என்றால் அவளுக்குத் தெரியும். முதல் மாதம் மூன்று விரல். அப்புறம் இரண்டு. நூல் அசையவில்லை. சுவர்தான் நூலைத் தேடி வந்தது.

அம்மா போன அன்றைக்குக் காலையில் சண்டை.

“இன்னைக்கு உன் மீட்டிங்ல நான் பேசப்போறேன்.”

“வேணாம்மா. நான் செயலர்கிட்ட சொல்றேன்.”

“மூணு மாசமா நீ சொல்லிக்கிட்டுத்தான் இருக்க. நூலுக்கும் சுவத்துக்கும் ஒரு விரல்தான் இருக்கு.”

“உனக்குப் பேசத் தெரியாது. எல்லாரும் சிரிப்பாங்க. என் மானம் போயிடும்.”

அம்மா போனை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கோபமில்லை. கோபித்திருக்கலாம்.

“சிரிச்சா சிரிக்கட்டும். சிரிச்சுட்டு அப்புறமாவது சுவத்தைப் பாக்கட்டும்.”

அன்று 4.51க்கு மணி அடித்தது. காத்திருப்பு அறைக்கு ஆள் வந்தால் கணினி எழுப்பும் சின்ன மணி, கரண்டியால் டம்ளரைத் தட்டுவதுபோல். பட்டதாரி காத்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து செயலர் தலையசைத்தார்: வேண்டாம், உன் தெரு ஆளை நீ விடாதே, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம். அவர் தலையசைத்தது உண்மை. ஆனால் அந்தத் தலையசைப்புக்காக அவள் காத்திருந்ததும் உண்மை. தலைவர் கேட்டார். அவள் சொன்னாள்: “காத்திருப்பு அறை காலி.” நேரம் 5.42.

உறுப்பினர்கள் போனார்கள். பதிவு சேமிப்பாகி முடிய ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை கூட்டத்தை மூட மாட்டார்கள். அந்த அலுவலகத்தின் பழக்கம் அது. அவள் குறிப்பெழுதப் போய்விட்டாள். அம்மாவின் போனில் அந்த வாசகம் அப்படியே நின்றது: காத்திருங்கள். விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள். வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் துவைக்கிற கல். துவைக்கிற கல் சுவரோரம். சுவர் நூலைத் தொட்டுவிட்டதைப் பார்த்து, ஆறு வீட்டையும் கதவைத் தட்டிக் கிளப்பிவிட்டது அம்மாதான். அவள் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

“நீங்க முன்னாடி போங்க. நான் வெயிட்டிங்ல இருக்கேன். என்னைக் கேக்காம அவங்க முடிக்க முடியாது. ரெண்டே நிமிஷம், பேசிட்டு ஓடியாந்துடறேன்.”

6.20க்கு விழுந்தது.

தலைவர் சாலை விளக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் நேரத்தைப் பார்த்தாள். 4.49. அம்மா போன பிறகு நடந்த இரண்டு கூட்டத்திலும், இதே நேரத்துக்கு அந்த மணி அடித்தது. முதல் தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் பெயர் போய்விட்டது. இரண்டாம் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதனால்தான் பட்டியலைக் கேட்டாள். வெளியேறிய நேரம் என்று ஒன்று அச்சில் இருந்துவிட்டால் போதும், இது தன் மூளையின் கோளாறு என்று நம்பிவிடலாம் என்று நினைத்தாள்.

4.50.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது? ஆனால் தண்ணீர் ஓசை நிற்கவில்லை. சன்னல் பக்கமிருந்து வரவில்லை. முதுகுப் பக்கமிருந்து வந்தது. சுவருக்குள், செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில், யாரோ மெல்லிய குழாயைத் திறந்துவிட்டதுபோல் சிலுசிலுவென்று இறங்கியது. அவள் திரும்பவில்லை. இழுப்பறை லேசாக அதிர்ந்தது. பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

டிங்.

பட்டதாரி காத்திருக்கிறார்.

இந்தத் தடவை பெயர் போகவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் கை. கை உயர்த்தியிருக்கிறார்.

கண்ணாடித் தடுப்பில் விரல் கணு தட்டும் சத்தம். செயலர். அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் முகத்தில் ரத்தமில்லை. மெதுவாகத் தலையசைத்தார். வேண்டாம். அதே அசைப்பு, அதே சாய்வு.

“சரி, தீர்மானத்துக்கு வருவோம்,” என்றார் தலைவர். படித்தார். அஜாக்கிரதை என்ற இடத்தில் குரல் இறங்கக்கூட இல்லை. “ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

எட்டுக் கைகள் எழுந்தன. மருந்துக்கடைக்காரரின் விசிறி சுழன்றது.

“அண்ணே, கேமராவை இறக்குங்க.”

கேமரா இறங்கியது. அவர் முகத்துக்குப் பின்னால் மருந்து அலமாரி. அலமாரிக்குப் பின்னால் சுவர். சுவரில் ஒரு ஈரக்கறை, தட்டு அகலத்துக்கு.

“கடைல ஒழுகுதா?” என்றார் தையல்கடை அம்மா.

“இல்லையே.”

“பின்னாடி பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். திரும்பியவர் உடனே இந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எல்லாரும் ஆதரவு. ஏகமனதா எழுதிக்கோ,” என்றார் தலைவர். “லிங்க்கு, வெயிட்டிங் ரூம் பாத்துச் சொல்லு. முடிச்சுக்கலாம்.”

சொல்ல வேண்டியது மூன்றே சொல். நாக்குக்குப் பழகிய மூன்று சொல். இரண்டு வருடமாக, பார்த்துவிட்டுச் சொன்னதைவிடப் பார்க்காமல் சொன்னதுதான் அதிகம். தண்ணீர் அவள் முதுகுக்குப் பின்னால் தரையைத் தொட்டுவிட்டது. செருப்பின் அடியில் குளிர்.

“என்னம்மா? காலிதானே?”

“இல்ல.”

“என்ன இல்ல?”

“காலி இல்ல. ஒருத்தர் இருக்காங்க.”

செயலர் கண்ணாடித் தடுப்பை உள்ளங்கையால் அறைந்தார். அவள் பார்க்கவில்லை. அனுமதி என்ற பட்டனின் மேல் விரலை வைத்தாள். அஞ்சு வாரத்துக்கு முன்னால் இதே பட்டன். இவ்வளவு சின்னது. நகக்கண் அளவு.

அழுத்தினாள்.

பத்தாவது கட்டம் திறந்தது. கறுப்பு. மூலையில் இரண்டு நிமிடக் கடிகாரம், 2.00 என்று நின்றது, இறங்கவில்லை. கறுப்புக்குள்ளிருந்து மூச்சு. கனமான எதன் அடியிலோ படுத்திருப்பவர் எடுக்கும் சின்னச் சின்ன மூச்சு. மண் உதிரும் ஓசை. பிறகு குரல்.

“கேக்குதா?”

தையல்கடை அம்மா திரைப்பக்கம் குனிந்தார்.

“வணக்கம். நான் பேசுறது கேக்குதா?”

அந்த ‘வணக்கம்’ ஒத்திகை பார்த்த வணக்கம். அன்றைக்கு அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அம்மா தனியாக, நாலைந்து தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“கேக்குதும்மா,” என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். “கேக்குது.”

“ஆங். சரி. பேரு சொல்லணும்னு போட்டிருக்கு. நான் லிங்க் பொண்ணோட அம்மா. எம்பொண்ணுதான் உங்களுக்கெல்லாம் லிங்க் அனுப்புறது. எனக்கு நல்லாப் பேச வராது. சிரிக்காதீங்க.”

“யார்யா இது?” தலைவரின் குரல் கீச்சிட்டது. “எடு. லிங்க்கு, அதை வெளிய எடு.”

“பேசும்போது குறுக்கிடக் கூடாது சார்,” என்றாள். “ஆறாவது விதி.”

“சுவரு வந்துடுச்சுங்க,” என்றது குரல். “நூலு வரைக்கும் வந்துடுச்சு. வந்து பாருங்கன்னு கூப்பிட்டா வரமாட்டேங்கிறீங்க. அதான் நான் எடுத்தாந்தேன். இருங்க. காட்டுறேன்.”

கறுப்புக்குள் ஒரு கை உயர்ந்தது. கையில்லை, கையின் அளவில் சேறு. இரண்டு விரலுக்கு இடையில் வெள்ளை நூல்.

நூல் அந்தக் கட்டத்தின் ஓரத்தைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. பக்கத்துக் கட்டத்துக்குள் போனது. தையல்கடை அம்மாவின் முதுகுக்குப் பின்னால், துணிச்சுருள்களுக்கு முன்னால், விறைப்பாக, நேராக. அதற்கு அடுத்த கட்டம். அதற்கு அடுத்தது. ஒன்பது வீட்டையும் ஒரே சுவராக்கி, ஒரே நூல். தலைவரின் பச்சைச் சுவருக்கு நாலு விரல் முன்னால் அது நின்றது.

மூன்று விரல்.

யாரோ ஒருவர் எழுந்தார். எழ முயன்றார். யாரோ கூட்டத்தை விட்டுப் போகும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். அந்தச் சொடுக்கு எல்லோர் காதிலும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் மட்டும் இன்னும் திரும்பியபடியே, சுவரைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு விரல்.

“அம்மா,” என்றாள். “நான்தாம்மா காலின்னு சொன்னேன். நீ இருந்தது எனக்குத் தெரியும்.”

கறுப்பு அசையவில்லை. மூச்சு நின்றது.

“தெரியும்டி,” என்றது. திட்டியிருக்கலாம். அந்தக் குரல், பரீட்சை நாள்களில் விளக்கை மறைத்து நிற்காமல் ஒதுங்கிப் போகும்போது பேசுகிற குரல். “உனக்கு லேட்டாயிடும். நீ கெளம்பு.”

அவள் எழுந்தாள். தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்ததா, அல்லது கால் மரத்துப்போய்விட்டதா. பார்க்கவில்லை. எழுதியது அவள்தான், மறக்காது: பன்னிரண்டாவது விதி, தொகுப்பாளர் இடையில் வெளியேற நேர்ந்தால் கூட்டத்தில் உள்ள ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும். பத்தாவது கட்டத்தின் மேல் அழுத்தினாள். உறுதியாகவா என்று திரை கேட்டது. ஆம்.

பட்டதாரி இப்போது தொகுப்பாளர்.

இழுப்பறையைத் திறந்து போனை எடுத்தாள். உறைக்குள் ஆவி படிந்திருந்தது. தொட்டால் சுட்டது. அந்தச் சில்லென்ற தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எதிர்க் கட்டிடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு இப்போது தெரியும். 4.51க்கு வந்தார்கள். பார்த்தேன். காலி என்று சொன்னது நான். எழுதிக்கொள்ளுங்கள். வேலை போகும், வழக்கு வரும், பட்டம் வாங்கிய பிள்ளை பெற்றவளைக் கொன்றாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். அம்மா அஜாக்கிரதை இல்லை.

செயலர் தம் அறை வாசலில் நின்றிருந்தார்.

“நில்லு. கூட்டத்தை முடிச்சியா இல்லையா?”

“இன்னும் முடியல சார்.”

“எங்க போற? யாரு முடிப்பா?”

“பேசி முடிச்சதும் அவங்களே முடிப்பாங்க.”

அவர் உள்ளே ஓடினார், தம் கணினியிலிருந்து எப்படியாவது மூடிவிடலாம் என்று.

அவள் படிக்கட்டில் கால் வைத்தபோது பின்னால் மணி அடித்தது.

டிங்.

யாரையும் உள்ளே விடவும், உள்ளே இருப்பவரை எழுப்பி வெளியே உட்காரவைக்கவும் தொகுப்பாளருக்கு அதிகாரம் உண்டு. அதையும் அவள்தான் எழுதினாள். நான்காவது விதி.

டிங். டிங்.

“கொஞ்சம் இருங்கப்பா,” என்று ஒலிபெருக்கி சொல்வது கேட்டது. அதட்டலில்லை. பொறுமையாக, சலவைக்கூட வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வதுபோல். “கொஞ்ச நேரம் வெளிய இருங்க. கூப்பிடுவாங்க.”

எண்ணினாள். நான்கு. ஐந்து. ஆறு. தையல்கடை அம்மா ஏதோ கேட்கத் தொடங்கிய குரல் பாதியில் அறுந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. தலைவர்.

படிக்கட்டின் திருப்பத்தில் செயலரின் அறையைப் பார்த்தபடி ஒரு சன்னல். பத்தாவது மணி அடித்தபோது அவள் அதற்கு நேரே நின்றிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கைகளை மேசைமேல் ஒன்றாக வைத்து, நல்ல பிள்ளையைப்போல். வாய் திறந்திருந்தது. திரை வெளிச்சம் முகத்தில் வெளிறி விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வரிகள் இடவலம் மாறி ஒளிர்ந்தன, படிக்காமலேயே அவளுக்குத் தெரியும் அவை என்னவென்று. அவருக்குப் பின்னால் நூல். நூலைத் தொட்டுவிட்ட சுவர். கருவுற்ற வயிறுபோல் மெல்ல மூச்சுவிடும் சுவர். அவர் திரும்பவில்லை. அவர் காத்திருந்தார்.

அவள் படியில் நின்றாள். பதினொன்றாவது மணிக்காக. உறைக்குள்ளிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூப்பிடும்மா, என்னையும் வெளியே உட்காரவை, நானும் இருக்கிறேன் என்று உதடு மட்டும் அசைய நின்றாள்.

மணி அடிக்கவில்லை.

போனின் சூடு மெதுவாக ஆறியது.

நேரம் 5.42. எப்படி இவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிர்க் கட்டிடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே, ஆளில்லாத அறையில், ஆளில்லாத திரையைப் பார்த்து அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வணக்கம். கேக்குதா.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.